வெந்நீர் விளாவும் கணக்கு: ஷவரில் சூடு நிலைக்காததற்கு எது காரணம்?

ஷவரில் நிற்பவர் மேல் திடீரென்று சுடச்சுடத் தண்ணீர் பாய்கிறது. அல்லது தலையில் நுரை இருக்கும்போதே சில்லிட்டுப் போகிறது. பழுது எங்கே? எலெக்ட்ரீஷியனைக் கேட்டால் தெர்மோஸ்டாட் என்பார். பிளம்பர் ‘பிரஷர் பத்தல’ என்பார். குளியலறைச் சாமான் விற்கும் கடையில் மிக்சரை மாற்றச் சொல்வார்கள். தண்ணீரை மென்மையாக்கும் கருவி விற்பவருக்கு எல்லாமே உப்பின் வேலை. நால்வரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவர் விடைக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊரின், ஏதோ ஒரு வகைக் குழாய் அமைப்பின் அனுபவத்தில் பிறந்தது. அங்கே பிறந்த விடை இங்கே எந்த அளவுக்குச் செல்லும் என்பதுதான் போதிய அளவு கேட்கப்படாத கேள்வி.

இக்கட்டுரை மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரை நம்பியிருக்கும் தமிழ்நாட்டு வீட்டை மையமாக வைத்து அந்த விடைகளை எடைபோடுகிறது.

வாளிக்குப் போட்ட குழாய்

செம்பு பாய்லரிலோ அண்டாவிலோ தண்ணீர் காய்ச்சி வாளியில் விளாவிக் குளித்த வீடுகளில் இந்தக் கேள்வி எழ வழியில்லை. கையை விட்டுப் பார்த்து, சூடு போதாவிட்டால் இன்னொரு சொம்பு வெந்நீர், மிஞ்சினால் பச்சைத் தண்ணீர். அந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் குளியல் தொடங்கும். பின்னர் கீசர் வந்து, சூட்டுக்கு ஒன்றும் பச்சைக்கு ஒன்றுமாக இரண்டு குழாய்கள் சுவரில் முளைத்தபோதும் வாளி தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தது. நடுவில் பத்து விநாடி வெந்நீர் மெலிந்தாலும், 15 லிட்டர் வாளியில் அது தெரியாமல் போய்விடும். ஷவருக்கு அந்த இடைநிலைக் கிடங்கு இல்லை. கலந்த நொடியிலேயே தண்ணீர் தோலில் விழுகிறது. ஓட்டத்தின் ஒவ்வொரு தடுமாற்றமும் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

இதை எண்களில் பார்க்கலாம். கீசரிலிருந்து 60 டிகிரி செல்சியஸிலும், தொட்டியிலிருந்து 25 டிகிரியிலும் தண்ணீர் வருவதாகக் கொள்வோம். குளிக்க இதமான 40 டிகிரி வேண்டுமானால் வெந்நீர் 43 விழுக்காடும் பச்சைத் தண்ணீர் 57 விழுக்காடும் கலக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரோ சமையலறையில் குழாயைத் திறந்து, பச்சைத் தண்ணீரின் ஓட்டம் பாதியாகிவிட்டால் ஷவரில் விழுவது 46 டிகிரி. கீசர் எந்தத் தப்பும் செய்யவில்லை, தொட்டியும் செய்யவில்லை. விகிதம் மட்டும் மாறியது.

நமது வீடுகளின் பல கோளாறுகளுக்கு வேர் இங்கே இருப்பதாகவே தோன்றுகிறது. வாளியை நிரப்புவதற்குப் போதும் என்று போட்ட குழாய்களில் ஷவரை மாட்டியிருக்கிறோம். வாளிக்கு எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்பது மட்டுமே கேள்வி. ஷவருக்கோ இரண்டு ஓட்டங்களும் நொடிக்கு நொடி ஒரே விகிதத்தில் நிற்கின்றனவா என்பது கேள்வி.

கீசரைச் சந்தேகிப்போர்

மிகப் பழைய விடை வெந்நீர் போடும் கருவியைக் குற்றம் சொல்வது. லண்டனில் பெஞ்சமின் வாடி மான் 1868-இல் எரிவாயுவில் இயங்கும் உடனடி ஹீட்டரை அறிமுகப்படுத்தினார். புகை வெளியேற வழியில்லாத அந்தக் கருவி ஆபத்தானது. அதைத் தொடர்ந்து 1889-இல் பிட்ஸ்பர்கில் எட்வின் ரூட் தானியங்கிச் சேமிப்பு ஹீட்டரை உருவாக்கினார். இன்றைய குளியலறையில் ‘இன்ஸ்டன்ட்’, ‘ஸ்டோரேஜ்’ என்று நாம் பிரித்துப் பேசுவது அந்த இரண்டு மரபுகளின் தொடர்ச்சிதான்.

இக்கட்சியின் வாதம் ஓரிடத்தில் மறுக்க முடியாதது: கொள்ளளவு. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர், 25 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்றித் தொடர்ந்து தரக்கூடியது நிமிடத்துக்கு 3 லிட்டருக்கும் குறைவு. சாதாரண ஷவர் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். எனவே அதன் 3 லிட்டர்த் தொட்டி தீர்ந்ததும் தண்ணீர் ஆறிப்போவது பழுதல்ல, கணக்கு. 15 லிட்டர் கீசரிலும் எல்லை உண்டு. 60 டிகிரியில் நிறைந்திருக்கும் 15 லிட்டர், சென்னையில் 25 டிகிரித் தண்ணீரோடு விளாவினால் 35 லிட்டர் குளிநீராகும். உதகையின் குளிர்காலத்தில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரியில் இருந்தால் அதே கீசர் தருவது 26 லிட்டர். நிமிடத்துக்கு 7 லிட்டர் பாயும் ஷவரில் அது நான்கு நிமிடம்கூட வராது. உள்ளே புகும் பச்சைத் தண்ணீர் வெந்நீரோடு கலந்துவிடுவதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறையும். ‘புது கீசர்தான், ஆனா பாதிக் குளியல்ல ஆறிடுது’ என்ற புகார்களில் கணிசமானவை இந்தக் கணக்கிலேயே அடங்கிவிடும்.

ஆனால் திடீர் மாற்றத்தை இக்கட்சியால் விளக்க முடிவதில்லை. 2 கிலோவாட் காயில் 15 லிட்டர்த் தண்ணீரை நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 டிகிரி மட்டுமே ஏற்ற முடியும். தெர்மோஸ்டாட் எவ்வளவு கோணலாக வேலை செய்தாலும், சில விநாடிகளில் ஷவரின் சூடு ஐந்தாறு டிகிரி குதிக்க ஸ்டோரேஜ் கீசர் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. ஆகவே மெல்ல ஆறினால் கீசரைப் பார்க்கலாம். சட்டென்று குதித்தால் வேறெங்கோ தேட வேண்டும். தெர்மோஸ்டாட்டை மாற்றியும் பிரச்சினை தீராத வீடுகளில் இந்த வேறுபாடு கேட்கப்பட்டிருக்காது.

கேஸ் கீசர் இதற்கு விலக்கு. அதில் தண்ணீரின் அழுத்தம் ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளினால்தான் அடுப்பு பற்றும். மேல்மாடி வீட்டில் ஷவரின் ஓட்டத்தைக் குறைத்தாலோ, மிக்சரில் பச்சைத் தண்ணீரைக் கூட்டினாலோ அந்தச் சவ்வு தளர்ந்து அடுப்பு அணைந்துவிடும். மறுபடி பற்றுவதற்குள் குளிர்ந்த தண்ணீர் ஒரு பொட்டலமாகக் குழாயில் புகுந்துவிடுகிறது. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் இந்தக் கருவியை மாட்டினால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கலாம் என்பது சூட்டுப் பிரச்சினையைவிடப் பெரிது. கருவியைக் குளியலறைக்கு வெளியே வைப்பதைப் பற்றி இரண்டாம் கருத்து இருக்க நியாயமில்லை.

சித்திரை, வைகாசியில் கேள்வியே தலைகீழாகிறது. மொட்டைமாடித் தொட்டி வெயிலில் காய்ந்து, பச்சைத் தண்ணீர்க் குழாயில் சுடுநீர் வரும். வளைகுடா நாடுகளில் இது இன்னும் கடுமை. அங்கே கோடையில் கீசரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் நிழலில் இருக்கும் அதன் தொட்டியையே குளிர்ந்த தண்ணீருக்கு வைத்துக்கொள்வது குடியேறிய தமிழர்கள் உட்படப் பலரும் அறிந்த உத்தி. சிவப்புக் குறி போட்ட குழாய் குளிர்நீர் தரும், நீலக்குறி சுடும்.

அழுத்தம் பேசுவோர்

இரண்டாவது விடை இங்கிலாந்தின் வீடுகளில் வேரூன்றியது. அங்கே பச்சைத் தண்ணீர் தெருக்குழாயின் முழு அழுத்தத்தோடு நேரே வந்தது. வெந்நீரோ கூரைக்கடியில் இருந்த சிறு தொட்டியின் பலத்தில் மெல்ல இறங்கியது. கூரைத்தொட்டித் தண்ணீர் குடிநீரோடு கலக்கக்கூடாது என்ற சுகாதாரக் கவலையும் சேர்ந்து, கைகழுவும் தொட்டியில் இரண்டு தனிக் குழாய்கள் என்ற பழக்கம் அங்கே நெடுங்காலம் நிலைத்தது. அழுத்தம் சமமாக இல்லாத இரண்டு ஓட்டங்களைக் கலக்குவதன் சிரமத்தை அந்த நாடு நன்றாக அறிந்திருந்தது.

அமெரிக்காவில் இரண்டு பக்கமும் நல்ல அழுத்தம் இருந்தது. அங்கே சிக்கல் அதன் ஏற்ற இறக்கம். ஒருவர் கழிவறையில் ஃபிளஷ் செய்தால் மற்றவர் ஷவரில் அலறினார். 1930களின் இறுதியில் பாஸ்டனில் பால் சிம்மன்ஸ் உருவாக்கிய சமன்வால்வு அதற்கான விடை. உள்ளே நகரும் ஒரு சிறு உருளை, ஒரு பக்கத்தின் அழுத்தம் விழுந்தால் மறுபக்கத்தையும் அதே அளவு நெருக்கும், விகிதம் காப்பாற்றப்படும். ஏ.எஸ்.எஸ்.இ. 1016 என்ற அமெரிக்கத் தரக்கோட்பாடு, இத்தகைய வால்வுகள் அழுத்தம் பாதியாக மாறினாலும் சூட்டை 2 டிகிரி அளவுக்குள் நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அந்த நாட்டில் இது பெரும்பாலும் தீர்ந்த பிரச்சினை.

நமது வீட்டில் நிலைமை வேறு. ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம். மேல்மாடி ஷவருக்கும் தொட்டித் தண்ணீரின் மட்டத்துக்கும் இடையே இரண்டு, மூன்று மீட்டர்தான் இருக்கும், கிடைப்பது 0.2 முதல் 0.3 பார். அரை பாருக்கு மேல் கேட்கும் மிக்சர்களும், அதற்கும் அதிகம் கேட்கும் அகல ஷவர்த் தலைகளும் கடைகளில் தாராளமாக விற்கின்றன. பத்துமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் அதே தொட்டி 3 பாருக்கு நெருக்கமாகத் தரும். ஒரே கட்டடத்தில் ஒரே மிக்சர் மேலே சொட்டும், கீழே சீறும்.

இதில் ஓர் அனுகூலமும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. இங்கே வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே தொட்டியிலிருந்து புறப்படுகின்றன. ஆகவே இங்கிலாந்தின் சமனின்மை நமக்குப் பிறவியிலேயே கிடையாது. அதை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். ஷவர் வேகமாக வரட்டும் என்று பச்சைத் தண்ணீர்க் குழாயில் மட்டும் பிரஷர் பம்ப் வைப்பது முதல் வழி. பம்பின் பலம் மிக்சரில் வெந்நீரை மறித்து நிற்க, ‘கீசர் தண்ணியே வரல’ என்ற புகார் எழும். மாடியில் சோலார் ஹீட்டர் உள்ள வீடுகளில் இது இன்னும் சகஜம். அழுத்தம் தாங்காத வகைச் சோலார் தொட்டிக்குப் பம்ப் வைக்க முடியாது. அதனால் பம்ப் பச்சைத் தண்ணீருக்கு மட்டும் போகிறது, வெந்நீர் தன் எடையில் இறங்கப் பார்க்கிறது. அந்தச் சோலார்க் குழாய் வழியில் எங்காவது கவிழ்த்த ‘ப’ வடிவில் ஏறி இறங்கினால் உச்சியில் காற்று அடைத்துக்கொண்டு ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

இரண்டாவது வழி குழாயின் அகலம். ஒரே முக்கால் அங்குலக் குழாயிலிருந்து ஃபிளஷ் வால்வு, சமையலறை, வாஷிங் மெஷின், ஷவர் நான்குக்கும் கிளை பிரிப்பது. உள்விட்டம் 20 மில்லிமீட்டரிலிருந்து 15-ஆகக் குறைந்தால் அதே ஓட்டத்துக்கான உராய்வு இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். 3 பார் உள்ள வீட்டில் அது உறைக்காது. 0.2 பார் வீட்டில் அந்த இழப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஃபிளஷுக்குத் தொட்டியிலிருந்தே தனி இறக்கக் குழாய் போடும் பழைய கொத்தனார்–பிளம்பர் வழக்கத்தில் நல்ல இயற்பியல் இருந்தது.

அமெரிக்கச் சமன்வால்வை வாங்கி இங்கே மாட்டினால் போதாதா? எச்சரிக்கை தேவை. உருளை நகர்வதற்கே அழுத்த வேறுபாடு வேண்டும். வால்வின் குறுகிய வழிகளும் இருக்கிற கொஞ்சம் ஓட்டத்தைத் தின்னும். ஐரோப்பாவிலேயே தெர்மோஸ்டாட் மிக்சர்களுக்கு இ.என். 1111 என்றும், குறைந்த அழுத்தத்துக்கு இ.என். 1287 என்றும் இரு தரக்கோட்பாடுகள் வகுக்கப்பட்டன. கூரைத்தொட்டி வீடுகளின் அனுபவம் உள்ள நாடுகள் இரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை என்பதே கவனிக்க வேண்டியது.

கலக்கும் இடம்

மூன்றாவது கட்சி மிக்சரை மையமாக வைக்கிறது. சியாட்டிலில் மாணவராக இருந்த ஆல்ஃபிரட் மோயன், இரண்டு திருகு உள்ள குழாயில் கை சுட்டுக்கொண்ட பிறகு ஒற்றைக் கைப்பிடிக் குழாயைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். போர் குறுக்கிட்டதால் அது விற்பனைக்கு வந்தது 1947-இல்தான். அதற்கு இணையாக இன்னொரு மரபும் வளர்ந்தது. சூட்டில் விரியும் மெழுகை அடைத்த சிறு குப்பியை 1930களில் செர்ஜியஸ் வெர்னே செம்மைப்படுத்தினார். கார் ரேடியேட்டரில் புகழ்பெற்ற அந்த உறுப்பு, ஷவர் மிக்சரின் தெர்மோஸ்டாட்டுக்கும் அடிப்படையானது. சமன்வால்வு அழுத்தத்தை மட்டும் பார்க்கும். மெழுகுக் குப்பி சூட்டையே உணரும். கீசர் மெல்ல ஆறும்போது சமன்வால்வு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், தெர்மோஸ்டாட் மிக்சர் வெந்நீரைக் கூட்டிப் பார்க்கும்.

நமது குளியலறைகளில் பெரும்பான்மை இவை இரண்டும் அல்ல. இரண்டு திருகும் நடுவில் மாற்றுக்குமிழும் உள்ள வால் மிக்சர், அல்லது சுவருக்குள் புதைத்த டைவர்டர். இவற்றுக்கே உரிய, வெளியே தெரியாத கோளாறு ஒன்று உண்டு: குறுக்கோட்டம். இரண்டு திருகையும் திறந்து வைத்துவிட்டு, தண்ணீரைக் கைஷவரின் விசையில் மட்டும் நிறுத்தினால், மிக்சருக்குள் சூடும் பச்சையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. எந்தப் பக்கம் பலம் அதிகமோ அது மறுபக்கக் குழாய்க்குள் ஏறும். ஒற்றைக் கைப்பிடி மிக்சரின் கார்ட்ரிட்ஜில் ரப்பர் வளையம் தேய்ந்தாலும் இதே கதை. அதன் அடையாளம், பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்ததும் முதலில் வெதுவெதுப்பாக வருவது. அல்லது வெந்நீர் ஒருநாளும் முழுச்சூட்டில் வராதது.

சோதனை எளிது. கீசருக்குப் போகும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும். கொஞ்சம் வடிந்து நின்றுவிட்டால் மிக்சர்கள் நல்ல நிலையில் உள்ளன. தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், கீசரைச் சுற்றிக்கொண்டு எங்கோ ஒரு மிக்சர் வழியாகப் பச்சைத் தண்ணீர் உள்ளே நுழைகிறது. குளியலறைக்கு ஒரு கீசர் என்ற நமது வழக்கத்தில் சந்தேகிக்க வேண்டிய இடமும் ஒன்றுதான். ஒரே கீசர் வீடு முழுவதற்கும் என்றால் சமையலறை, கைகழுவும் தொட்டி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் என்.ஆர்.வி. (தண்ணீரைப் பின்னோக்கி விடாத வால்வு) போடுவது தீர்வு. அதுவும் கொஞ்சம் அழுத்தத்தை விழுங்கும் என்பதால் மேல்மாடியில் யோசித்துச் செய்ய வேண்டியது.

குறுக்கோட்டம்போலத் தோன்றும் இன்னொன்று கீசரின் விரிவு. 15 லிட்டர்த் தண்ணீர் 25-லிருந்து 65 டிகிரிக்குப் போகும்போது கால் லிட்டர் அளவு பெருகுகிறது. கீசரின் அடியில் உள்ள பாதுகாப்பு வால்வில் என்.ஆர்.வி. பகுதி தேய்ந்திருந்தால் அந்தக் கால் லிட்டர் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குள் பின்னேறும். நன்றாக இருந்தால் வால்வின் துளை வழியே சொட்டும். அந்தச் சொட்டைப் பழுதென்று நினைத்து அடைத்துவிடுவது சில வீடுகளில் நடக்கிறது. வெந்நீர்த் தொட்டி வெடிக்காமல் காக்கும் முக்கியமான வழியை அடைப்பதாகும் அது.

உப்பு

மேற்கத்திய விளக்கங்களில் ஓரிரு வரியில் முடிந்துபோகும் கட்சி இது. போர் தண்ணீரை நம்பும் தமிழ்நாட்டு வீட்டில் இதற்கு முதல் வரிசையில் இடம் தர வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரக்கோட்பாடு ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்கிறது. குளிக்க வரும் போர் தண்ணீரை யாரும் அந்தக் கோட்பாட்டால் அளப்பதில்லை.

கால்சியம் கார்பனேட்டின் இயல்பு விசித்திரமானது. சர்க்கரையைப் போல் அல்லாமல், தண்ணீர் சூடாகச் சூடாக அது குறைவாகவே கரைகிறது. ஆகவே அது தேடிப்பிடித்துப் படிவது வெந்நீர்ப் பாதையில்: காயில் மேல், கீசரின் அடியில், வெளியேறும் குழாயின் வாயில், பாதுகாப்பு வால்வில், மிக்சரின் வெந்நீர்ப் பக்கச் சல்லடையில். பச்சைத் தண்ணீர்ப் பாதை பெரும்பாலும் தப்பிவிடும். 15 மில்லிமீட்டர்க் குழாயில் ஒன்றரை மில்லிமீட்டர்ப் படிவு சுற்றிலும் ஏறினால் உராய்வு இழப்பு மூன்று மடங்காகிறது. ஒரே தொட்டியிலிருந்து சமமாகப் புறப்பட்ட இரண்டு ஓட்டங்கள், சில ஆண்டுகளில் சமமில்லாமல் போவது இப்படித்தான். மிக்சரின் திருகு மாதத்துக்கு மாதம் வெந்நீர்ப் பக்கம் இன்னும் கொஞ்சம் திறக்கப்படுகிறது. ஒருநாள் முழுவதும் திறந்தாலும் போதவில்லை. கீசரில் சூடு குறைந்துவிட்டது என்று வீட்டார் முடிவு செய்கிறார்கள். அவர்கள் உடனே தெர்மோஸ்டாட்டைக் கூட்டுகிறார்கள். சூடு கூடியதும் படிவும் வேகமெடுக்கிறது.

இங்கேயும் சோதனைக்குக் கருவி வேண்டாம். ஒரே வாளியை வெந்நீர்க் குழாயில் ஒருமுறை, பச்சைத் தண்ணீர்க் குழாயில் ஒருமுறை நிரப்பி நேரம் பார்த்தால் போதும். வெந்நீருக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆவது இயல்பு. இரண்டு மடங்கு ஆனால் பழுது சூட்டில் இல்லை, ஓட்டத்தில்.

தீர்வுகளைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு. அயனிப் பரிமாற்ற முறையில் கால்சியத்தை நீக்கிச் சோடியத்தை விடும் சாஃப்ட்னர் வேலை செய்கிறது என்பதில் வேதியியல் தெளிவாக இருக்கிறது. உப்புக் கரைசலில் அதை அவ்வப்போது கழுவ வேண்டிய சுமையும், கழிவுநீரும் அதன் விலை. குழாயைச் சுற்றிக் கட்டும் காந்தங்கள், மின்னணுச் சுருள்கள் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. நம்பி வாங்கலாம் என்று சொல்ல இன்றைய நிலையில் ஆதாரம் போதவில்லை. டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் விட்டுக் கடினத்தன்மையைச் சொல்லும் விற்பனை வழக்கமும் தவறானது. அந்தக் கருவி கரைந்த எல்லாவற்றின் மொத்தத்தையும் தோராயமாகக் காட்டும், கால்சியத்தைத் தனியே அல்ல. சமையல் உப்பு மட்டும் கரைந்த தண்ணீரிலும் அது எகிறும், காயிலில் ஒன்றும் படியாது. சல்லடையையும் ஷவர்த் தலையையும் எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைப்பது பெரிய கோட்பாடு எதையும் கோராமல் பலன் தருவது.

கைக்கும் தண்ணீருக்கும் நடுவில்

கருவியை விட்டுவிட்டு மனிதரைப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. ஒரு கையைச் சூட்டிலும் மறுகையைக் குளிரிலும் வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே வெதுநீரில் விட்டால் ஒன்றுக்குக் குளிராகவும் மற்றதற்குச் சூடாகவும் தோன்றும் என்று ஜான் லாக் 1690-இல் வெளியான நூலில் எழுதினார். தோல் ஒரு நம்பகமான வெப்பமானி அல்ல. பீட்டர் செங்கே 1990-இல் வெளியிட்ட நிர்வாகவியல் நூலில் ஷவரையே எடுத்துக்காட்டாக்கினார்: திருகியதற்கும் சூடு மாறுவதற்கும் இடையில் தாமதம் இருந்தால், பொறுமையிழந்தவர் மேலும் திருகி, பிறகு சுட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கம் திருகி, ஊசலாடிக்கொண்டே இருப்பார். ஜான் மோர்கிராஃப்டும் உடன் பணியாற்றியவர்களும் ஒரே வெந்நீரைப் பகிரும் இரண்டு ஷவர்களை மாதிரியாக்கி, ஒருவரின் திருத்தம் மற்றவரின் தொந்தரவாவதைக் காட்டினார்கள்.

தாமதத்தை அளக்க முடியும். அரை அங்குலக் குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.18 லிட்டர் நிற்கும். கீசர் 10 மீட்டர் தள்ளியிருந்தால், நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓட்டத்தில் 18 விநாடி பச்சைத் தண்ணீரே வரும். மாடியில் இருக்கும் சோலார் ஹீட்டரிலிருந்து முக்கால் அங்குலக் குழாயில் இறங்கினால் காத்திருப்பு இன்னும் நீளும். குளியலறையின் பரண் உயரத்தில், ஷவரிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் கீசரை மாட்டும் நம் வழக்கத்தில் இந்தக் காரணத்தின் எடை குறைவு. செங்கேயின் எடுத்துக்காட்டு நிர்வாகவியல் வகுப்பில் பெற்ற புகழ் அளவுக்கு நம் குளியலறையை விளக்கவில்லை.

ஐம்பதா, அறுபதா?

கீசரை எந்த அளவில் வைப்பது என்பது தனி விவாதம். ஹார்வர்டில் மோரிட்ஸும் ஹென்றிக்ஸும் 1947-இல் வெளியிட்ட ஆய்வு, தோல் வெந்துபோக 44 டிகிரியில் ஏறக்குறைய ஆறு மணி நேரமும், 49 டிகிரியில் சில நிமிடங்களும், 60 டிகிரியில் 5 விநாடியும் போதும் என்று காட்டியது. குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. இங்கிலாந்தில் 2010 முதல் புது வீடுகளின் குளியல்தொட்டிக் குழாய்க்கு 48 டிகிரி உச்சவரம்பு வந்ததற்குப் பின்னால் இந்த வகைச் சான்றுகள் உள்ளன.

எதிர்வாதம் 1976-இல் பிலடெல்ஃபியாவில் ஒரு விடுதி மாநாட்டுக்குப் பின் பரவிய நிமோனியாவிலிருந்து வருகிறது. அடுத்த ஆண்டு அடையாளம் காணப்பட்ட லெஜியோனெல்லா பாக்டீரியா வெதுவெதுப்பான தேங்குநீரில் பெருகும்; 60 டிகிரியில் விரைவாக அழியும். ஆகவே சேமிப்பு 60-க்குக் குறையக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சூட்டில் சேமித்து, வெளிவரும் இடத்தில் தெர்மோஸ்டாட் மிக்சரால் குறைப்பது மேற்கில் எட்டப்பட்ட சமரசம். அந்த மிக்சரை எளிதில் இயக்க முடியாத குறைந்த அழுத்த வீட்டில் சமரசத்தின் இரண்டாம் பாதி கிடைப்பதில்லை. கனடாவின் கியூபெக்கில் நடந்த ஆய்வில் இந்தக் கிருமி மின் ஹீட்டர்களில் காணப்பட்டது. பக்கவாட்டில் பொருத்திய காயிலுக்குக் கீழே தண்ணீர் சூடாகாமல் நிற்பது காரணமாகக் கருதப்பட்டது. அடியிலிருந்து காயில் நுழையும், நாள்தோறும் காலியாகி நிறையும் 15 லிட்டர் கீசருக்கு அந்த முடிவை அப்படியே நீட்டுவது சரியாகாது. குழந்தைகள் உள்ள வீட்டில் சுடும் ஆபத்து கண்ணெதிரே இருப்பது. மற்றதன் அளவு இங்கே இன்னும் நிறுவப்பட வேண்டியது.

தேடும் வரிசையும் தீராத கேள்விகளும்

கட்சிகள் ஒன்றையொன்று மறுப்பதைவிட, வெவ்வேறு அறிகுறிகளைப் பற்றிப் பேசுகின்றன என்று சொல்வது பொருத்தம். சில நிமிடங்களில் மெல்ல ஆறினால் கொள்ளளவு. வேறு குழாய் திறக்கும்போது மட்டும் குதித்தால் கிளைக்குழாயும் அழுத்தமும். மாதக்கணக்கில் வெந்நீர் மெலிந்தால் உப்பு. எப்போதுமே வெதுவெதுப்புக்கு மேல் போகாவிட்டால் குறுக்கோட்டம். மிக்சர் மாற்றிய மறுநாளே தொடங்கினால் சூடும் பச்சையும் இடம் மாறி இணைக்கப்பட்டிருக்கலாம். இடப்பக்கம் சூடு என்பது வழக்கம், ஆனால் சுவருக்குள் குழாய் போட்டவர் அதை மறந்திருக்கக்கூடும். வாளி நிரம்பும் நேரத்தை முதலில் பார்த்து, ஆங்கிள் காக்கை மூடிக் குறுக்கோட்டத்தைச் சோதித்து, அதன் பிறகே கீசரைத் திறப்பது செலவு குறைந்த வரிசை. நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் கழற்றப்படுவது கீசர்.

சமன்வால்வும் தெர்மோஸ்டாட் மிக்சரும் 0.2 பாரில், கடின நீரில், சில ஆண்டுகளுக்குப் பிறகு எப்படி நடந்துகொள்ளும் என்பது முதல் திறந்த கேள்வி. மெழுகுக் குப்பியும் நகரும் உருளையும் உப்புக்கு எளிய இரை. மேற்கத்தியச் சோதனைகளின் நம்பிக்கையை இங்கே கடன் வாங்க முடியாது. வீடு முழுவதற்கும், சூடு பச்சை இரண்டுக்கும் சேர்த்து, தொட்டியடியிலேயே ஒரே பம்ப் வைப்பது கொள்கையளவில் சரியான வழி. ஆனால் மின்தடையில் அது நின்றால் வீட்டில் பழைய ஓட்டமாவது மிஞ்சுமா என்பது சுற்றுவழிக் குழாய் போட்டிருப்பதைப் பொறுத்தது.

இன்னொன்று பொறுப்பைப் பற்றியது. சேமிப்பு வகை மின் கீசருக்கு ஐ.எஸ். 2082 உண்டு, அது கீசரைச் சோதிக்கிறது. நட்சத்திர முத்திரையும் கீசரின் மின்சாரச் செலவையே சொல்கிறது. மிக்சரைக் கடையில் வீட்டுக்காரர் தேர்ந்தெடுக்கிறார், குழாயின் அகலத்தைக் கட்டுமானக்காரர் முடிவுசெய்கிறார், பம்ப் பின்னால் வந்து சேர்கிறது. நான்கும் தனித்தனியே சரியாக இருந்து, சேர்ந்தபோது ஷவரில் சூடு நிலைக்காமல் போனால் யாருடைய உத்தரவாதமும் அதற்குப் பொருந்துவதில்லை. குளியலறையை ஓர் உறுப்பாக அல்லாமல் ஒரு சுற்றாக ஏற்று, ஒப்படைக்கும் நாளில் ஷவரைத் திறந்து வைத்து, ஃபிளஷையும் சமையலறைக் குழாயையும் இயக்கிப் பார்த்து, சூடு எத்தனை டிகிரி விலகுகிறது என்று எழுதிக் கொடுக்கும் வழக்கம் நம் வீட்டுக் கட்டுமானத்தில் வேரூன்றவில்லை. அதைச் செய்ய ஒரு வெப்பமானியும் அரைமணி நேரமும் போதும். யார் செய்வது என்பதுதான் முடிவாகாமல் கிடக்கிறது.